கழுவாத கணவாய்

1

சென்ற மாதம் ஒரு நாள் காலை, நான் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு நிற்கும்போது மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

"அம்மா, வெள்ளிக்கிழமைக்குக் கணவாய் வேணும். போன வருசம் மாதிரி. முழுசா வேணும், கழுவாமல்."

"சரி."

"அம்மா, கழுவாமல்."

"எனக்குக் காது கேக்குது பிள்ளை."

அந்தச் சொல்லை அவள் ஏன் இரண்டு தரம் சொன்னாள் என்பது எனக்கும் அவளுக்கும் தெரியும். ஊரில் இருந்து இதை வாசிக்கப்போகும் உங்களுக்குத் தெரியாது. கோயில் மலருக்கு வெளிநாட்டில் இருப்பவர்கள் ஏதாவது எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தீர்கள். சுவிஸ் என்றால் மலை, பனி, சொக்லேட் என்று மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு எழுதத் தெரிந்தது கணவாய். நான் படித்தது ஐந்தாம் வகுப்போடு சரி. எழுத்து மெதுவாகத்தான் வரும். எனக்கும் அவசரம் இல்லை.

நான் இருப்பது ஊஸ்டர் என்ற இடத்தில். சூரிச்சில் இருந்து ரயிலில் வந்தால் கொஞ்ச நேரம். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்து இளைப்பாறியவள் நான். இப்போது அதே முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள் வயதுதான் எனக்கும். ஆனாலும் என் துணியை நானே தோய்க்கிறேன்.

2

ஆரணி எனக்குப் பிந்திப் பிறந்த பிள்ளை. நாற்பது கடந்த பிறகு பிறந்தவள். பாலர் வகுப்பில் இருந்து அவளைக் கூட்டிவரப் போனால், பேத்தியைக் கூட்டிப்போக வந்திருக்கிறா என்று நினைத்தவர்கள் உண்டு. நான் திருத்தவில்லை. அவள் திருத்துவாள்.

சின்ன வயதில் என் விரலை விடமாட்டாள். பள்ளிக்கூடம் ஏற ஏற விரல் போய், பிறகு ஒரே பாதையில் எனக்கு முன்னால் பத்தடி தள்ளி நடக்கத் தொடங்கினாள். வீட்டில் தமிழில் கேட்டால் பாதித் தமிழில் பதில் வரும். மீதிப் பாதி கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியில் சுவிஸ் ஜெர்மனில் ஓடும். எல்லா வீட்டிலும் இதுதான் கதை என்றபடியால் நான் பெரிதாக எடுக்கவில்லை.

அவளுக்குப் பதின்மூன்று பதினான்கு வயது இருக்கும்போது, இயற்கைப் பாடம் படிப்பிக்க ஓர் ஆசிரியர் வந்தார். ஹெர் ப்ரூனர் என்று கூப்பிடுவார்கள், ஹெர் என்றால் ஐயா. நெட்டையான மனிதர். கையால் தொடாததைப் படித்தேன் என்று சொல்லக்கூடாது என்பது அவருடைய கொள்கை. இந்த நாட்டில் ஏரி இருக்கிறது, ஆறு இருக்கிறது, கடல் மட்டும் இல்லை. அவருக்கோ கடல்தான் பைத்தியம். வகுப்பறையிலேயே ஒரு கண்ணாடித் தொட்டியில் உப்புக் கரைத்துக் கடல்தண்ணீர் செய்து வைத்திருந்தார். ஆரணி அதைப் பார்த்துவிட்டு வந்து என் சமையல் உப்பை ஒரு வாளியில் கொட்டி, முட்டையை மிதக்கவிட்டுப் பார்த்தாள். முட்டை மிதந்தது. உப்புக்கு நான் மறுபடி கடைக்குப் போனேன்.

கடலைக் கண்ணால் காணாத பிள்ளை அவள். அவளைப் பெற்ற நாங்கள் இரண்டு பேரும் தீவில் பிறந்தவர்கள்.

ஹெர் ப்ரூனர் ஒவ்வொரு வருடமும் வசந்த காலத்தில் சில மாணவர்களை இத்தாலிக் கரைக்கு ஒரு கிழமை கூட்டிப்போவார். கரையோரத் தண்ணீரில் நின்று, அடியில் கண்ணாடி வைத்த வாளியால் பார்த்து, நட்சத்திர மீனையும் முள்ளெலி போன்ற அந்தக் கடல் உருண்டையையும் கையில் எடுத்துப் படிப்பார்கள். இடம் கொஞ்சம்தான். போக விரும்புகிற பிள்ளை முதலில் வகுப்புக்கு ஒரு செய்முறைப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பார்த்துவிட்டு ஆசிரியரும் வகுப்பும் சேர்ந்து தெரிவு செய்வார்கள்.

ஆரணி தெரிந்தெடுத்தது கணவாய்.

"ஏன் பிள்ளை கணவாய்?" என்று கேட்டேன்.

"இஞ்சத்தைக் கடையில வளையமா வெட்டித்தான் விக்கினம் அம்மா. எங்கட ஆக்கள்தான் முழுசா வாங்கிறவை. நீங்கள் சூரிச்சில வாங்கித் தருவீங்கள் எண்டு நான் ப்ரூனர் சேரிட்டச் சொல்லிட்டன்."

எங்கட ஆக்கள் என்று அவள் வாயில் இருந்து அப்படி இயல்பாக வந்தது, எனக்குத் தெரிய, அதுதான் முதல் தடவை. நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

3

ஆனால் தகப்பன் விடவில்லை.

இதைச் சொல்வதற்கு அதற்கு முந்திய வருடத்தைச் சொல்ல வேண்டும். போர் முடிந்த வருடம். இவருடைய தம்பி குடும்பத்தோடு வன்னியில் இருந்தார். சனத்தோடு சனமாக அந்தக் கடைசிக் கடற்கரை வரைக்கும் போனதாகக் கேள்வி. அங்கே கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. மே மாதத்துக்குப் பிறகு இவர் மீன் தின்பதை விட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவர் சொல்லவும் இல்லை. சூரிச்சில் ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில் அவருக்கு வேலை. அங்கே மீன் பொரிக்கும்போது இவர் வேறு அடுப்புக்கு மாறி நிற்பாராம். அவர் தின்னாததை நானும் ஆக்கவில்லை. ஒரு வருடமாக எங்கள் வீட்டுக்கு மீன் வரவில்லை.

ஆரணி கடல் பயணத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் சோற்றுக் கோப்பையில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"கடலுக்கு ஒருத்தரும் போகத் தேவையில்லை."

"அப்பா, அது இத்தாலிக் கடல்."

"எல்லாக் கடலும் ஒண்டுதான். தண்ணியில பேர் எழுதி வைச்சிருக்கே?"

"வகுப்பில கேட்ட எல்லாற்ற அப்பா அம்மாவும் விடுகினம்."

"விடட்டும். எல்லாற்ற சித்தப்பாவும் கடற்கரையில நிண்டவையே?"

அவள் எழுந்தாள். சுவிஸ் ஜெர்மனில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். மறுநாள் என்னிடம் வந்து, "முதல் எனக்கு இடம் கிடைக்கட்டும். பிறகு அப்பாவோட கதைப்பம்" என்றாள். பாடம் நன்றாக அமைந்தால் தகப்பன் இளகுவார் என்பது அவளுடைய கணக்கு. பாடம் பிழைத்தால் கதைப்பதற்கே ஒன்றும் இருக்காது.

நான் எந்தப் பக்கமும் சேரவில்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தால் மூன்றாமவர் சோறு ஆக்க வேண்டும்.

4

பாடத்துக்கு முதல் நாள் மத்தியானத்தோடு வேலை முடித்து, சூரிச்சில் லாங்ஸ்ட்ராஸ வீதிப் பக்கம் இருக்கும் எங்கள் ஆட்களின் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி என்னைக் கண்டதும் கையைத் தட்டினான்.

"மணியக்கா! ஒரு வருசமா மீன் பக்கம் காணேல்ல. சைவமாகிட்டீங்களோ எண்டு நினைச்சன்."

"கணவாய் வேணும் தம்பி. நல்ல ஊசிக் கணவாயாப் பாத்துத் தா. பள்ளிக்கூடத்துக்கு."

"பள்ளிக்கூடத்துக்கோ? கன்ரீன் எடுத்திட்டீங்களோ?"

"பிள்ளையள் படிக்கிறதுக்கு."

"கணவாயில என்னத்தைப் படிக்கிறது? தின்னத் தெரிஞ்சால் காணாதோ?"

சிரித்துக்கொண்டே ஐஸ் போட்டு, ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டியில் அடுக்கித் தந்தான். ரயிலில் நான் இருந்த பெட்டியில் ஒரு மனிதர் எழுந்து வேறிடம் போய் இருந்தார். அவருக்குப் பிரயாணம் பழகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் ஒருவரும் இல்லை. இவர் வேலைக்குப் போய்விட்டார். ஆரணி சிநேகிதி வீட்டில் படம் கீறிக்கொண்டிருந்தாள். 'காலமை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வாங்கோ' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கழுவ வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கழுவலாமா என்று கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். இன்னொரு வீட்டுக்கு மீன் கொடுத்தால் வெட்டிக் கழுவித்தான் கொடுப்போம். கழுவாத மீனைக் கொடுத்தால், இந்தா, நீ இருந்து உரஞ்சு என்று சொல்வது போல ஆகிவிடும். என் மாமியார் கலியாணமான புதிதில் என் கையில் தந்த முதல் வேலை கணவாய் கழுவுவதுதான். கிணற்றடியில் ஒரு குந்தில் இருந்துகொண்டு, மை ஒரு துளி வெண்சதையில் பட்டாலும் மறுபடி கழுவு என்பார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் வந்து பார்ப்பதை விட்டுவிட்டார். அதுதான் அவர் எனக்குத் தந்த பட்டம்.

அப்படியிருக்க, வெள்ளைக்காரப் பிள்ளைகள் கையால் தொடப்போகிற கணவாயை, வழவழவென்று தோலோடும் மையோடும் எப்படிக் கொண்டுபோவது? என்ன சனம் இது என்று நினைக்கமாட்டார்களா? யன்னலைத் திறந்துவிட்டு, பேப்பர் விரித்து, சட்டியை வைத்துக்கொண்டு இருந்தேன். தலையைப் பிடித்து இழுத்தால் குடல் அப்படியே கூட வரும். உள்ளே கண்ணாடி போல நீளமான ஒரு தகடு, அதையும் உருவ வேண்டும். கண்ணுக்குக் கீழே வெட்டி, நடுவில் கிளிமூக்குப் போல இருக்கும் சொண்டைப் பிதுக்கி எறிய வேண்டும். ஒரு வருடமாக வேலை இல்லாமல் இருந்த கை. அதற்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. முடித்துப் பார்த்தபோது கணவாய் எல்லாம் வெளுத்து மடித்த துணி போல இருந்தன. எனக்குத் திருப்தி.

குடலையும் மற்றதையும் பழைய ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றில் அடைத்துப் பிரீசரில் வைத்தேன். இது இங்கே எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற வேலை. குப்பை லொறி கிழமைக்கு ஒரு தரம்தான் வரும். அதுவரை மீன்குடலைக் குப்பைப் பையில் வைத்தால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து மணி அடிப்பார். ஆகவே குப்பை நாள் வரைக்கும் அது பிரீசரில் உறைந்து கிடக்கும். அன்று காலையில் இவர் எடுத்துப் பையில் போட்டுக் கட்டி, வீதி முனையில் வைப்பார்.

அடுத்த நாள்தான் குப்பை நாள்.

5

நல்ல சேலை ஒன்று கட்டி, மேலே குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு பத்து மணிக்குப் போய் நின்றேன். மேசைகளில் தட்டுகள், சின்னக் கத்தரிக்கோல்கள், ரப்பர் கையுறைகள். கரும்பலகையில் ஆரணி ஆள் உயரத்துக்கு ஒரு கணவாய் கீறியிருந்தாள். அதன் வயிற்றுக்குள் சிவப்பு, நீலம், பச்சை என்று ஏதேதோ உறுப்புகள். நான் அதை ஓர் அலங்காரம் என்றுதான் நினைத்தேன்.

ஹெர் ப்ரூனர் கைகொடுத்து வணக்கம் சொன்னார். பெட்டியை மேசையில் வைத்து மூடியைத் திறந்தேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை ஏதோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். கடையில் விற்கிறதைப் போலவே இருக்கிறது என்று அவள் சொன்னதாகப் பிறகு அறிந்தேன். ஆரணி ஒரு கணவாயைத் தூக்கி உள்ளே பார்த்தாள். பிறகு இன்னொன்று. பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, உள்ளுக்க இருந்ததெல்லாம் எங்க?"

"எடுத்தாச்சு."

"ஏன் எடுத்தனீங்கள்?"

"பின்ன? ஊத்தையோட பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வாறதே? எங்களை என்னெண்டு நினைப்பினம்?"

"ஐயோ அம்மா," என்றாள். "அந்த ஊத்தைதான் அம்மா பாடம்."

கரும்பலகையில் இருந்த சிவப்பும் நீலமும் என்னவென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் செய்ததைப் பிழை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். கழுவிக் கொடுப்பது என் வழக்கம். ஆனால் பிள்ளை கையில் இருந்ததைப் பெட்டிக்குள் வைத்து மூடுவதைக் கண்டேன்.

ஹெர் ப்ரூனர் அவளிடம் கேட்டார், அவள் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, முதலில் இன்னொரு பிள்ளையின் பாடத்தை நடத்தட்டும், இடைவேளைக்குப் பிறகு ஆரணியுடையது என்றார். அதற்குள் அந்தக் குடல் வந்தால் சரி. வராவிட்டால் இந்த வருடம் இல்லை.

என் கைத்தொலைபேசியில் ஆரணி வீட்டு இலக்கத்தை அழுத்தினாள். அழுத்திவிட்டு என்னிடமே நீட்டினாள்.

"நீங்களே கதையுங்கோ. நான் கேட்டால், நல்லதாப் போச்சு எண்டு சொல்லுவார்."

இவர் முதல் நாள் பிந்தி வேலை முடித்து வந்தவர். நித்திரைக் குரலில் எடுத்தார்.

"இஞ்சேருங்கோ, குப்பை போட்டாச்சோ?"

"விடியவே போட்டாச்சு. ஏன்?"

"பிரீசரில இருந்த ஐஸ்கிரீம் பெட்டி?"

"அதையும்தான். திறக்கவே மீன் மணம். அதைத்தான் முதல் போட்டனான்."

"லொறி வந்திட்டுதோ?"

"தெரியாது. அதுக்குள்ள என்ன இருக்கு?"

ஆரணியைப் பார்த்தேன்.

"பிள்ளையின்ர பாடம் இருக்கு" என்றேன்.

அந்தப் பக்கம் தொலைபேசி வைக்கப்பட்ட சத்தம்.

6

வீடு பள்ளிக்கூடத்தில் இருந்து நடந்து போகும் தூரம். எங்கள் வீதி முனைக்கு நான் வந்து சேர்ந்தபோது கண்ட காட்சியை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இவர் இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேலே குளிர்ச்சட்டை போட்டு, காலில் குளியலறைச் செருப்போடு, வீதியில் குப்பைப் பைகளுக்கு நடுவே குந்தியிருந்தார். மேல் வீதியில் லொறியின் இரைச்சல் கேட்டது.

இந்த ஊரில் எல்லா வீட்டுக் குப்பையும் ஒரே நிறப் பையில்தான் போட வேண்டும். எது யாருடையது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அடுத்தவர் பையைத் திறப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். இவர் ஒன்றையும் திறக்கவில்லை. ஒவ்வொரு பையாக, காய்ச்சல் பார்ப்பது போல உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குளிர்ந்த பை எதுவோ அதுதான் எங்களுடையது.

முன்வீட்டு மாடியில் இருந்து ஃப்ராவ் மெயர் எட்டிப் பார்த்து, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டா.

இவருடைய ஜெர்மன் குசினி ஜெர்மன். கத்தி, சட்டி, கெதியா, முடிஞ்சுது, அவ்வளவுதான் வரும். தலையை நிமிர்த்தி, "ஷூலெ" என்றார். பள்ளிக்கூடம்.

"ஷூலெ?" என்றா அவ.

"யா. ஷூலெ."

ஃப்ராவ் மெயர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டா.

கீழே இருந்த ஒரு பையில் அவர் கை நின்றது. கட்டை அவிழ்க்க முடியாமல் பையைக் கிழித்தார். ஒரு வருடமாக மீன் மணத்துக்கு விலகி நின்ற மனிதர், கையை முழங்கை வரை உள்ளே விட்டு அந்தப் பெட்டியை எடுத்தார். மூடியை அழுத்திப் பார்த்தார்.

"இறுக்கமாத்தான் இருக்கு, இன்னும் இளகேல்ல" என்றார்.

"தாங்கோ, நான் கொண்டு ஓடுறன்."

"நீர் சேலையோட எங்க ஓடுறது? பொறும். நான் காற்சட்டை போட்டுக்கொண்டு வாறன்."

அவர் மேலே போய் வருவதற்குள் நான் புதுப்பை ஒன்று எடுத்துவந்து, கிழிந்த பையை அதற்குள் விட்டுக் கட்டினேன். லொறிக்காரர் திரும்பும்போது எங்கள் குப்பை ஒழுங்காகத்தான் இருந்தது. அவசரம் என்றாலும் வீதியில் குப்பை சிந்திவிட்டுப் போகிற ஆட்கள் இல்லை நாங்கள்.

7

உறைந்த பெட்டியை ஹெர் ப்ரூனர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்தார். அது இளகுவதற்கிடையில் ஆரணி கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றாள். முகத்தைக் கழுவியிருந்தாள். அவள் சொன்னதை அன்று பின்னேரம் எனக்குத் தமிழில் சொன்னாள். கணவாயை வெட்டிப் பார்ப்பதாகத்தான் இன்றைய பாடம் இருந்தது. அது மாறிவிட்டது. இன்றைக்கு நாங்கள் கணவாயைத் திருப்பிச் செய்யப்போகிறோம். அவ்வளவுதான் சொன்னாளாம்.

ஒவ்வொரு மேசைக்கும் நான் கழுவிய வெள்ளை உடம்பு ஒன்று. நடுவில் ஒரு பெரிய தட்டில் குடல் குவியல். எது கண், எது செவுள், எது ஈரல், எது எங்கே இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் தேடி எடுத்து அடுக்கினார்கள். முதலில் மூக்கைப் பொத்தினவர்கள் பிறகு ஒரு கண்ணுக்காகச் சண்டை பிடித்தார்கள். தெரியாத இடத்தில் ஹெர் ப்ரூனர் பெயர் சொல்லிக் கொடுத்தார். மைப்பையைத் தண்ணீரில் உடைத்து, நான் உருவி எறிந்த அந்தக் கண்ணாடித் தகட்டின் கூர்முனையால் தொட்டுத் தங்கள் பெயர்களை எழுதினார்கள். அதில் ஒரு துளி என் சேலையில் விழுந்தது. எவ்வளவு வெளுத்தும் அது போகவில்லை. துணி வெளுத்துச் சீவித்தவள் நான், எனக்கே போகவில்லை.

இவர் உள்ளே வந்து இருக்கவில்லை. கதவு நிலையில் தோளைச் சாய்த்து நின்றார். பாடம் முடிகிற நேரம் ஆரணி ஒரு சின்னக் கிண்ணத்தில் எதையோ வைத்து அவரிடம் கொண்டுபோனாள். பயறளவில் வெளிறிய ஒரு சதைத்துண்டு.

"அப்பா, இது இதயம். கணவாய்க்கு மூண்டு இதயம் இருக்கு. ஒண்டு உடம்புக்கு. மற்ற ரெண்டும் செவுளுக்கு."

இவ்வளவு காலமும் நான் பிடுங்கி எறிந்ததில் மூன்று இதயம் இருந்தது எனக்குத் தெரியாது. என் மாமியாருக்கும் தெரிந்திருக்காது.

அவர் குனிந்து பார்த்தார்.

"மூண்டு இருந்தும் தப்ப ஏலாமல் போச்சு" என்றார்.

ஆரணி அவர் முகத்தைப் பார்த்தாள். ஹெர் ப்ரூனர், தகப்பனார் என்ன சொன்னார் என்று கேட்டார். அவள் மொழிபெயர்க்கவில்லை. நல்லது என்று சொன்னார் என்றாள்.

வகுப்பு அவளைத் தெரிவு செய்தது.

8

ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, கை கழுவிக்கொண்டு நின்றவர் திரும்பாமலே கேட்டார்.

"அந்த இடத்தில எவ்வளவு தண்ணி?"

ஆரணிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு எழுந்து நின்று, தன் காலில் கையை வைத்துக் காட்டினாள்.

"முழங்கால் அளவு அப்பா. அதுக்கு மேல போக விடமாட்டினம்."

"விட்டாலும் போறேல்ல."

"இல்லை."

"போய்த் தண்ணியில நிண்டவுடன எனக்கு ஃபோன் பண்ண வேணும்."

"ஓம் அப்பா."

"சரி" என்றார். துவாயை எடுத்துக் கையைத் துடைத்தார்.

பிறகு கடதாசி வேலை தொடங்கியது. நாங்கள் அகதியாக ஏற்கப்பட்டவர்கள். எல்லை தாண்டுவதென்றால் பிள்ளைக்கு நீல நிறப் பயணப் புத்தகம் எடுக்க வேண்டும். முதல் கொடுத்த படத்தைத் திருப்பி அனுப்பினார்கள், நெற்றி மினுங்குகிறதாம். நான் வைத்த தேங்காயெண்ணெய். தலை முழுகவைத்து மறுபடி எடுத்தோம். சிரிக்கக்கூடாது என்றார்கள், அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, மூன்றாவது தரமும் எடுத்தோம். புத்தகம் வந்தபோது இவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். எல்லா நாட்டுக்கும் செல்லும், இலங்கை தவிர என்று அதில் இருந்ததை ஆரணி வாசித்துக் காட்டினாள். அவர் மூடி, அவளிடம் கொடுத்தார்.

அவள் போன அன்று பின்னேரம் தொலைபேசி அடித்தது. இவர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே இருந்தார். எடுத்தால் ஒரே காற்றிரைச்சல். தள்ளி நின்ற எனக்கும் கேட்டது.

"அப்பா, முழங்காலளவுதான்."

"சரி" என்று சொல்லிவிட்டு வைத்தார். வேறொன்றும் கேட்கவில்லை. குளிரா, சாப்பாடா, ஒன்றும் இல்லை.

இதற்குப் பிறகு அவர் மீன் தின்னத் தொடங்கினார் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். தின்னவில்லை. கடைசி வரைக்கும் தின்னவில்லை. தம்பியைப் பற்றிய செய்தியும் கடைசி வரைக்கும் வரவில்லை.

9

ஆரணி இப்போது வேறோர் ஊரில் ஆசிரியை. அதே பாடம்தான். தன் வகுப்பறையில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறாள். வருடா வருடம் பிள்ளைகளை அதே இத்தாலிக் கரைக்குக் கூட்டிப்போகிறாள். போவதற்கு முதல் கணவாய்ப் பாடம். அதற்குக் கணவாய் வாங்கிக் கொடுப்பது என் பொறுப்பு. என்னிடம் நாலு சொல் பேசினால் அதில் இரண்டு இன்னும் ஜெர்மன்தான். ஆனால் தெருவில் எனக்கு முன்னால் நடப்பதில்லை. நான் மெதுவாக நடப்பதால் அவளும் மெதுவாக நடக்கிறாள்.

சென்ற மாதமும் சூரிச்சுக்குப் போய் வாங்கி வந்தேன். கடைக்காரத் தம்பிக்குத் தலை நரைத்துவிட்டது. "மணியக்கா, உங்கட கணவாய் இந்நேரம் பட்டம் எடுத்திருக்கும்" என்றான். வீட்டில் சட்டியை எடுத்து வைத்துவிட்டு, அவற்றைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு குழாயைத் திறந்து, வெளியை மட்டும் கழுவினேன். உள்ளே ஒன்றையும் தொடவில்லை. ஒவ்வொரு வருடமும் இப்படித்தான். அவளுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் பரவாயில்லை. ஒரேயடியாகக் கழுவாமல் கொடுக்க என்னால் ஏலாது.

இவர் போய் இரண்டு மாரிகாலம் ஆகிறது. அதுவரை எப்போது போனாலும் அவள் அந்தத் தண்ணீரில் இறங்கியவுடன் வீட்டுக்கு ஃபோன் வரும். அவளுக்கு வயது வந்து, வேலை வந்து, கலியாணமாகிய பிறகும் வந்தது. அவரும் ஒவ்வொரு தடவையும் அதே ஒரு சொல்லைச் சொல்லி வைப்பார். அவர் போன பிறகு ஃபோன் வரவில்லை.

நேற்றுப் பின்னேரம் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. காற்றிரைச்சல், பிள்ளைகள் கத்தும் சத்தம்.

"அம்மா, முழங்காலளவுதான்" என்றாள். சொல்லிவிட்டு வைக்கவில்லை. காத்துக்கொண்டு நின்றாள்.

கத்தியைக் கீழே வைத்தேன்.

"சரி" என்றேன்.